சந்தை திறந்த நாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள எங்கள் உடுப்பிட்டியில் அறுபதைத் தாண்டிய எந்தத் தோட்டக்காரரிடமும் வெங்காயத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எங்கே தொடங்கினாலும் பேச்சு இரண்டு ஆண்டுகளில் வந்து நிற்கும். ஒன்று 1970, மற்றது 1977. சிறிமாவோ அரசு வந்த பின் வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் தீவுக்குள் வருவது மறிக்கப்பட்டது. வடமராட்சித் தோட்டத் தறைகளில் விளைந்தவற்றுக்குக் கொழும்பில் நல்ல விலை கிடைத்தது. மண்வீடு இருந்த வளவில் கல்வீடு எழுந்தது. துலா மிதித்த கிணற்றுக்கு இறைப்பு இயந்திரம் வந்தது. 1977இல் வந்த ஜே.ஆர். ஜயவர்தன அரசு சந்தையைத் திறந்துவிட்டது. கப்பலில் வந்திறங்கிய மிளகாயின் விலைக்கு முன்னால் எங்கள் மிளகாயால் நிற்க முடியவில்லை.

அந்த மூடிய காலத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. பாணுக்கு விடியுமுன் வரிசை, அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன். தோட்டம் வைத்திருந்த குடும்பம் தலைநிமிர்ந்தபோது, தோட்டமில்லாத கூலிக் குடும்பம் அந்த வரிசையில் தேய்ந்தது. ஆகவே மூடிய சந்தையைப் புகழவோ திறந்த சந்தையைப் பழிக்கவோ நான் இதை எழுதவில்லை. ஒரு பொருளாதாரத்தின் கதவு திடீரெனத் திறக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை எங்கள் ஊர் இருமுறை அனுபவித்து அறிந்திருக்கிறது. அந்த அறிவைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

இரண்டாம் முறை, போர் முடிந்த 2009க்குப் பிறகு வந்தது. 1990 முதல் ஆண்டுக்கணக்கில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த குடாநாடு இது. பற்றரி அரிய பொருளாக இருந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. போத்தல் விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். அந்த நெருக்கடிக்குள்ளும் உள்ளூர்ச் சவர்க்காரம், உள்ளூர்ச் சோடா, சிறு கைத்தொழில் என்று ஓர் உலகம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மீண்டும் திறந்ததும் தெற்கின் கம்பனிகள் லொறி லொறியாக வந்தன. வங்கிகள் கிளை திறந்தன. லீசிங் கம்பனிகள் தவணைக்கு வாகனம் தந்தன. நுண்கடன்காரர் படலையடிக்கே வந்து பெண்களுக்குக் கடன் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கடன் குடும்பங்களை நெரித்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க நேர்ந்தது.

இன்று வெளிநாட்டில் வணிகம் செய்ய எண்ணும் எங்கள் இளைஞரின் பேச்சில் ரஷ்யா, வியட்நாம், போலந்து, ஜோர்ஜியா என்ற பெயர்கள் அடிபடுகின்றன. ஆலை முதல் அங்காடி வரை அரசின் கையில் இருந்து, பின்பு சந்தையைத் திறந்த நாடுகள் இவை. அங்கே போகிறவருக்கு வழிகாட்டும் நூல்கள் பெரும்பாலும் பெரிய மூலதனத்தின் கண்ணால் எழுதப்பட்டவை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவரின் பார்வை அவற்றில் உண்டு. உள்ளே இருந்தவரின் பார்வை எங்களிடம் உண்டு. நாங்கள் கொண்டுபோகக்கூடிய முதல் முதலீடு அதுதான் என்பது என் துணிபு.

ஒழுங்கையாக மட்டும் பார்த்த நாடுகள்

கம்யூனிச உலகத்தோடு வடமராட்சிக்கு உறவு புதிதல்ல. 1956 பொதுத் தேர்தலில் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1960இல் மொஸ்கோவில் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டு பற்றிஸ் லுமும்பாவின் பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு இலங்கையிலிருந்து பலர் புலமைப்பரிசிலில் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு லண்டன் என்றிருந்த காலத்தில், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வைத்தியமும் பொறியியலும் அங்கே கிடைத்தன.

1983 இனக்கலவரத்துக்குப் பின் அந்த உறவு வேறு வடிவம் எடுத்தது. ஏரோபுளொட் விமானத்தில் கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறகு நகர ரயிலில் மேற்கு பேர்லின். மேற்கு ஜேர்மனி அந்த நகரப் பிரிவினையை நாட்டு எல்லையாக ஏற்காததால் மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. எங்கள் உறவினர் எத்தனையோ பேர் அகதி விண்ணப்பத்தை முதலில் எழுதியது அந்த நகரில்தான். 1985 ஜூலையில், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத இலங்கையருக்குக் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை மூடியது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் மொஸ்கோவும் கீவும் ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரரின் தங்குமடங்களாயின. பனிக்காலத்தில் ஓர் அறைக்குள் பத்துப் பேராக அடைபட்டு, அடுத்த எல்லைக்கு எப்போது கூட்டிப்போவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் கதை இல்லாத ஒழுங்கை எங்கள் பக்கத்தில் குறைவு.

அந்த நாடுகளை நாங்கள் ஒழுங்கையாகத்தான் பார்த்தோம். ஒழுங்கையால் நடந்து போகிறவர் வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள், என்ன பாஷை பேசுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று நின்று பார்ப்பதில்லை. உயிருக்கு ஓடியவர்களை அதற்காக யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓட்டம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்களோடு தங்கிவிட்டது. ஐரோப்பாவுக்கு வழி என்றும் நல்ல சம்பளம் என்றும் நம்பி ரஷ்யா போன இலங்கையர் உக்ரேன் போர்முனையில் நிறுத்தப்பட்ட செய்திகளை அண்மைய ஆண்டுகளில் வாசித்து வருகிறோம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் வைத்த கையெழுத்து ஒரு பிள்ளையைப் பதுங்குகுழி வரை கொண்டுபோகும். வணிகத்துக்குப் போகிறவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தப் பார்வையை. அது ஒழுங்கை இல்லை, ஊர்.

ஒரே வாங்குபவர்

அரசுப் பொருளாதாரத்தோடு செய்யும் வணிகத்தில் ஒரு சுகம் உண்டு. வாங்குபவர் ஒருவரே, அவர் அரசு. அளவு முன்கூட்டியே தெரியும், விலை பேசி முடிந்திருக்கும். 1952இல் இலங்கையும் சீனாவும் செய்த இறப்பர் அரிசி ஒப்பந்தம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலகச் சந்தை விலைக்கு மேலாகக் கொடுத்து சீனா எங்கள் இறப்பரை எடுத்தது. உலகம் முழுதும் அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் இங்கே சீன அரிசி வந்தது.

அந்தச் சுகத்தின் விலையை ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் அறியும். தமிழ்நாட்டின் அந்தத் தோல் ஊர்கள் காலணியின் மேற்பகுதியைத் தைத்து சோவியத் ஒன்றியத்துக்குக் கப்பல் கப்பலாக அனுப்பின. இந்திய ரூபாயிலேயே கணக்கு முடியும், டொலர் தேடி அலைய வேண்டியதில்லை. 1991இல் வாங்குபவரே உலகப் படத்திலிருந்து மறைந்துபோனார். ஆலைகள் தவித்தன. தப்பியவர்கள் இத்தாலிக்கும் ஜேர்மனிக்கும் ஏற்ற தோலையும் வடிவத்தையும் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள். பழைய ரூபாய், ரூபிள் கடன் கணக்கைத் தீர்க்க இந்தியாவும் ரஷ்யாவும் 1993இல் தனியாக ஓர் உடன்படிக்கை செய்ய வேண்டியிருந்தது.

எங்களுக்கும் இது தெரிந்த கதைதான். யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் நூற்றாண்டுக்கணக்கில் சந்தையாக இருந்தது. அங்கே போவதற்கென்றே பதப்படுத்திய புகையிலைக்கு மலையாளப் புகையிலை என்று பெயர். திருவிதாங்கூர் அரசு அந்த வணிகத்தை நெடுங்காலம் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. இடைத்தரகரின் பிடியிலிருந்து தப்ப எங்கள் தோட்டக்காரர் 1930களில் மலையாளப் புகையிலை விற்பனைக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கூட்டாக நின்று பேரம் பேசிய அந்த முயற்சி பெருமைக்குரியது. ஆனால் இந்தியா சுதந்திரமடைந்த பின் சுங்க வரியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியதும் சந்தை தேய்ந்தது. சங்கம் வலுவாக இருந்தும், வாசல் ஒன்றாக இருந்ததால் தப்ப வழியில்லை.

இன்று எங்கள் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கருவாடும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போகின்றன. வாங்குகிறவர்கள் எங்கள் சொந்தங்கள். வெளியே இருப்பவர்கள் வாங்கினால் போதாதா, வேற்று மனிதரோடு ஏன் மாரடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது: புலம்பெயர் சந்தை எங்களுடைய இன்றைய திருவிதாங்கூர். அங்கே பிறந்த பிள்ளைகள் ஒடியல் கூழைக் கேட்காத நாள் வரும். அதற்கு முன் வேறு வாசல்களை அறிந்துவைப்பது இந்தத் தலைமுறையின் பொறுப்பு.

அந்த வாசல்களிலும் அரசின் கை முழுதாக விலகிவிடவில்லை என்பதை 2017 டிசம்பர் காட்டியது. இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு காணப்பட்டதாகச் சொல்லி ரஷ்யா அந்த மாதம் 18ஆம் திகதி முதல் எங்கள் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் நாடு. இலங்கை அஸ்பெஸ்டஸைத் தடைசெய்யவிருந்த நேரம் அது. கொழும்பு அந்த முடிவைத் தள்ளிவைத்தது, மாத இறுதிக்குள் தேயிலைத் தடை நீங்கியது. இரண்டுக்கும் முடிச்சுண்டு என்றே அன்று பரவலாகப் பேசப்பட்டது. ஹற்றனில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலிக்கும் யாரோ ஒருவர் வீட்டுக் கூரைத்தகட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்க முடியும். இத்தகைய சந்தையில் கால்வைக்கும் சிறு வணிகர் தன் பண்டத்தின் தரத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது.

காணி யாருடையது?

ஒல்லாந்தர் எழுதிய காணிப் பதிவேடான தோம்பிலிருந்து இன்றைய உறுதி வரை காணிக்குப் பேரெடுத்த தேசம் எங்களுடையது. 1707இல் தொகுக்கப்பட்ட எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்குச் சொல்லாமல் காணி விற்க இயலாது. பரப்புக் கணக்கும் லாச்சக் கணக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே தெரியும். இந்தப் பழக்கத்தோடு வியட்நாமுக்குப் போகிறவர் முதல் நாளே திகைப்பார். 1986இல் சந்தையைத் திறந்து, இன்று மிளகு ஏற்றுமதியில் உலகின் முதல் நாடாக நிற்கும் அந்த நாட்டில் நிலம் முழுவதும் மக்களுக்குச் சொந்தம், அதை அரசு நிர்வகிக்கிறது என்று அரசியலமைப்பே சொல்கிறது. தனியாருக்குக் கிடைப்பது நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும். அதற்கான சான்றிதழை அங்கே சிவப்புப் புத்தகம் என்கிறார்கள். உள்ளூர் நண்பர் ஒருவரின் பெயரில் சிவப்புப் புத்தகத்தை எடுத்து, அதன்மேல் தன் முழு முதலையும் வைக்கும் வெளிநாட்டார் உண்மையில் மணலில் கல்வீடு கட்டுகிறார்.

இதில் எங்கள் இனத்துக்கு வாய்த்த மிகப் பெரிய பாடம் பர்மா. வல்வெட்டித்துறை மரக்கலங்கள் அக்கியாப்புக்கும் ரங்கூனுக்கும் போய் அரிசியும் மரமும் ஏற்றி வந்த காலத்திலேயே, செட்டிநாட்டு நகரத்தார் அங்கே பெட்டியடி போட்டு நெல் விவசாயத்துக்கு முதல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடன் கொடுப்பதே அவர்கள் தொழில், நிலம் சேர்ப்பது நோக்கமில்லை. 1930களின் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. ஈட்டுக் காணிகள் கடன்காரர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம் சில ஆண்டுகளில் 25 சதவீதமானது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் தன் வயலை இழந்த பர்மிய விவசாயியின் மனதில் அந்த உறுதி என்றும் பதிவாகவில்லை. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து சோசலிசப் பாதை என்று அறிவித்த பின் வங்கியும் கடையும் போயின. இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள்.

அவர்களுக்கு நேர்ந்தது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2009க்குப் பின் தவணை கட்டாத வாகனத்தைப் பறிகொடுத்த யாழ்ப்பாணத்து மனிதருக்குப் பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சலும் விளங்கும். இரண்டையும் ஒருசேர விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் உலகில் அதிகம் இல்லை. ஊரார் மனதில் பதியாத உரிமை பத்திரத்தில் மட்டும் நெடுநாள் நிற்காது என்பதை நாங்கள் இருபக்கத்திலும் நின்று அறிந்திருக்கிறோம்.

கையிலிருக்கும் தாள்

1970இல் நிதியமைச்சர் என்.எம். பெரேரா, 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதவை என்று அறிவித்தார். பெட்டகத்திலும் தலையணைக்குள்ளும் தாள் வைத்திருந்த குடும்பங்கள் பதறிய கதையைப் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். அரசு பொருளாதாரத்தின் முழுக் கடிவாளத்தையும் பிடித்திருக்கும் நாட்டில் பணத்தாளும் ஓர் அரசாணைதான். 1987 செப்டெம்பரில் பர்மா 25, 35, 75 கியாற் தாள்களை ஒரே நாளில் வெறும் கடதாசியாக்கியது, ஈடு எதுவும் கொடுக்கவில்லை. 1991 ஜனவரியில் சோவியத் அரசு 50, 100 ரூபிள் தாள்களைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ரஷ்யா விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைகள் 25 மடங்குக்கு மேல் ஏறின. வாழ்நாள் முழுதும் சேமிப்பு வங்கியில் போட்டு வைத்த ஓய்வூதியக்காரரின் பணம் சில கிலோ இறைச்சிக்குக்கூடப் போதாமற்போனது. சந்தை, சுதந்திரம் என்ற சொற்களைக் கேட்டதும் ஒரு ரஷ்ய மூதாட்டியின் முகம் ஏன் இறுகுகிறது என்பது இதைத் தெரிந்தவருக்கே விளங்கும். 1998 ஆகஸ்ட் 17இல் ரூபிள் மறுபடி சரிந்தது.

இன்றைய இடர் வேறு வகை. 2022இல் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்ததும் அதன் பல வங்கிகள் பன்னாட்டு வங்கித் தொடர்பு வலையான சுவிஃப்டிலிருந்து நீக்கப்பட்டன. பொருள் போய்ச் சேர்ந்தாலும் பணம் திரும்பி வரும் பாதை அடைபட்டது. அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில் ஐரிஷ் கம்பனி ஒன்றின் குத்தகை வழக்கில் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் இட்ட ஆணையால் ஏரோபுளொட் விமானம் ஒன்று கட்டுநாயக்கவில் நின்றுபோனது. மொஸ்கோ இலங்கைத் தூதுவரை அழைத்துக் கண்டித்தது, தன் சேவையை நிறுத்தியது. சில நாட்களில் ஆணை தளர்த்தப்பட்டு விமானம் பறந்தாலும், டொலர் இல்லாமல் எரிபொருள் வரிசையில் நின்ற எங்கள் நாடு ஒரு சுற்றுலாச் சந்தையை அந்த வாரத்தில் இழந்தது.

இங்கே ஒரு மனச்சாட்சிக் கேள்வியும் உண்டு. ஷெல்லடியில் வீடிழந்தவர்கள் நாங்கள். இன்னொரு ஊரின்மேல் ஷெல் விழும் காலத்தில், தடைகளைச் சுற்றிப் பண்டம் கடத்தும் தரகு வேலைக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். உணவும் மருந்தும் தேயிலையும் எந்த நாட்டு மக்களுக்கும் போகலாம். போர்க்கருவியாகக்கூடிய எதற்கும் எங்கள் பெயரை இரவல் கொடுக்கக் கூடாது. கிடைக்கும் தரகு எவ்வளவாக இருந்தாலும் சரி.

கூரை தேடுகிறவர்கள்

1990களின் ரஷ்யாவில் கடை திறந்தவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, உனக்குக் கூரை யார் என்பது. கிறிஷா என்ற ரஷ்யச் சொல்லுக்குக் கூரை என்று பொருள். பாதுகாப்புக்குக் கப்பம் வாங்குகிறவரை அப்படி அழைத்தார்கள். பழைய அரசின் நீதிமன்றமும் பொலிசும் ஓய்ந்து, புதியவை எழாத இடைவெளியில் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும் வேலை குண்டர்களின் கைக்குப் போனது. கூரைக்குக் கீழே போனவர் நனையவில்லை. ஆனால் வீடு அவருடையதாக இருக்கவில்லை. அந்த நாட்களில் அங்கே வணிகம் செய்த வெளிநாட்டார் பலர் கூரையை ஒரு செலவுக் கணக்காக எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதியது அந்த நாட்டின் நேர்மையான கடைக்காரருக்குச் செய்த துரோகம் என்றே நான் கருதுகிறேன். மேலிடத்து ஆளைப் பிடித்தால் அலுவல் முடியும் என்ற பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. அதை ஏற்றுமதி செய்ய வேண்டாம்.

எல்லா நாடும் அந்த இடைவெளியில் தேங்கவில்லை. ஜோர்ஜியா 2003இன் ரோசாப் புரட்சிக்குப் பின், கையூட்டுக்குப் பேர்போன தன் போக்குவரத்துப் பொலிசை முழுதாகக் கலைத்துப் புதிதாக ஆளெடுத்தது, காணிப் பதிவை எளிதாக்கியது. எஸ்தோனியா 2014 முதல் வெளிநாட்டாருக்கும் மின்வதிவு அட்டை கொடுத்து, நாட்டுக்குள் காலடி வைக்காமலே கம்பனி பதியச் செய்கிறது. போலந்து 1990 ஜனவரியில் ஒரேயடியாகச் சந்தைக்கு மாறி, 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அங்கே செய்யும் ஒப்பந்தத்துக்குப் பின்னால் ஒன்றியத்தின் சட்டம் நிற்கிறது. வியட்நாமில் கட்சி ஆட்சியிலேயே இருக்க, தொழிற்சாலைகள் உலகத்துக்குத் தைத்துக் கொடுக்கின்றன. பெலாருசில் பெரிய ஆலைகள் இன்னும் அரசின் கையில். முன்னாள் கம்யூனிச நாடு என்று ஒரே சாக்கில் இவற்றைப் போட்டுக் கட்டுகிறவர் முதல் பயணத்திலேயே தவறுவார்.

கொண்டுபோக வேண்டியவை

முதலாவது மொழி. ரஷ்யாவிலும் உக்ரேனிலும் படித்துத் திரும்பிய வைத்தியர்களும் பொறியியலாளர்களும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களின் ரஷ்யமொழி வீட்டில் நண்பரோடு தொலைபேசியில் பேசுவதோடு முடிகிறது. அவர்களை மாலை வகுப்புக்கு ஆசிரியராக அழைக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ தொழில்நுட்பக் கல்லூரியோ நினைத்தால் அடுத்த ஆண்டே முடியும். அமெரிக்க மிஷனரிகள் உடுப்பிட்டியில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது எங்கள் முன்னோர் ஆங்கிலத்தை அச்சமின்றிக் கற்றார்கள். அதே துணிவு இன்னொரு மொழிக்கும் போதும்.

இரண்டாவது கூட்டு. தனி ஆளாகப் பெட்டி தூக்கிப் போகிறவருக்கு அங்கே பிணை இல்லை. சங்கக்கடை நடத்திய, புகையிலைச் சங்கம் கட்டிய மரபு எங்களுடையது. பத்து உற்பத்தியாளர் சேர்ந்து ஒரே முத்திரை, ஒரே தரச்சோதனை, ஒரே ஏற்றுமதிப் பெயர் என்று நின்றால் ஹனோயில் இருக்கும் வாங்குபவர் திரும்பிப் பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் நடந்துவரும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்கு வெளியார் வந்து விற்றுவிட்டுப் போவதே அதிகம். எங்கள் பொருளை வாங்க அவர்களை அழைக்கும் மேடையாக அதை மாற்றுவது வணிகர் அமைப்புகளின் கடமை.

மூன்றாவது தாள்வேலை. முதற் பொதி சிறிதாக இருக்கட்டும். பணம் நாணயக் கடிதத்தின் மூலம் வரட்டும். பணம் வராமற்போகும் ஆபத்துக்கு இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனமே இருக்கிறது. பிணக்கு வந்தால் வழக்கு எங்கே என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுத வேண்டும். வெளிநாட்டு நடுத்தீர்ப்பை மதிக்கும் 1958ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கையில் இலங்கையும் உண்டு, வியட்நாமும் உண்டு. உடுப்பிட்டியில் அரைப் பரப்புக் காணி வாங்க நொத்தாரிசிடம் பத்து முறை நடக்கிறவர், ஐம்பது இலட்சம் ரூபாய்ப் பொதியை ஒரு வட்ஸ்அப் செய்தியை நம்பி அனுப்பக் கூடாது.

நான்காவது, தங்கும் மனம். 1990களில் ரஷ்ய ஆசிரியைகளும் பொறியியலாளரும் சம்பளம் வராமல், பெரிய கட்டம்போட்ட பைகளோடு துருக்கிக்கும் சீனாவுக்கும் போய்ச் சாமான் வாங்கி வந்து தெருவில் விற்றார்கள். நெசவுத் தறியின் நாடா போல ஓடித் திரிந்ததால் அவர்களுக்கு நாடாக்காரர் என்று பெயர். திருச்சிக்கும் சென்னைக்கும் போய்ச் சேலைப் பொதி கட்டி வந்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த எங்கள் பெண்களுக்கு அந்தப் பையின் பாரம் தெரியும். பழைய நாடாக்காரர் பலர் இன்று கடை முதலாளிகள். எங்கள் பொருளை அங்கே விற்கத் தகுந்த கூட்டாளிகள் அவர்களில்தான் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அமைச்சக வாசலில் காத்திருப்பதைவிட அவர்களின் கடைவாசலில் ஒரு மாதம் இருந்து பார்ப்பது பயன் தரும்.

சைகோனில் தமிழ் வணிகர் கட்டிய மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. கட்டியவர்களின் கடைகளும் கட்டடங்களும் போய்விட்டன. 1975க்குப் பின் தமிழரும் பெரும்பாலும் போய்விட்டார்கள். ஆனால் கோவிலில் விளக்கு அணையவில்லை. ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்கள் வியட்நாமியர்கள். கட்டியவர்கள் அந்த மண்ணில் வைத்ததில் எஞ்சியது, அந்த ஊரார் தங்களுடையது என்று எண்ணத் தொடங்கியது மட்டும்தான்.

ஆகவே போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கீவிலோ ஹனோயிலோ வார்சோவிலோ சந்தையில் அறுபதைத் தாண்டிய ஒரு கடைக்காரரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்கும் ஒரு 1977 இருக்கும். அந்த ஆண்டு எது, அவர் வீட்டில் அப்போது என்ன நடந்தது, எதை விற்றுச் சாப்பிட்டார்கள், யார் வந்து எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள். எங்கள் வெங்காயக் கதையையும் சொல்லுங்கள். எங்கள் சந்தை திறந்தபோது உள்ளே வந்தவர்களில் ஒருவராவது எங்களிடம் இதைக் கேட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும். கேட்டு முடித்த பிறகு விலை பேசுங்கள்.